நான்கு சக்கரங்களும் பேசினால்தான் மலையிறக்கம்

சிட்னியிலிருந்து தெற்கே போகும் எம்1 நெடுஞ்சாலையில் முதலில் பெரிய விறுவிறுப்பு எதுவும் இருக்காது. இருபுறமும் யூகலிப்டஸ் காடு, அகலமான பாதை, சீரான வேகம். பிறகு திடீரென்று நிலம் முடிந்துபோன மாதிரி ஓர் உணர்வு. இடப்பக்கம் மரங்களுக்கு நடுவே பசிபிக் கடல் எட்டிப் பார்க்கும். சாலை மவுண்ட் ஊஸ்லி சரிவில் வளைந்து, வொல்லொங்கோங் நகரை நோக்கிக் கீழே இறங்கத் தொடங்கும்.

கடற்கரையை ஒட்டி மதில்போல் எழுந்து நிற்கும் இந்த மலைத்தொடருக்கு இல்லவாரா எஸ்கார்ப்மென்ட் என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பாதுகாப்புத் தேவைக்காகப் போடப்பட்ட சாலை இது. கெந்திங்கிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ இறங்கிப் பழகிய நமக்கு ‘குனா கியர் ரெண்டா’ பலகை புதிதல்ல. ஆனால், இங்கே விடுமுறைக் காலத்தில் நம் முன்னும் பின்னும் இறங்குபவை லோரிகள் மட்டுமல்ல. காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு வரும் குடும்பங்களும்தான். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள கேரவன்கள்.

அப்படி ஒன்று சிட்னியில் வசிக்கும் என் அக்காள் வீட்டிலும் இருக்கிறது. கடந்த பள்ளி விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தபோது, அதில்தான் கியாமாவுக்குப் போனோம். அந்தப் பயணத்தில் கடலைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட, பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொண்டது அதிகம்.

வண்டியை நிறுத்தும் காந்தம்

கார் பிரேக்கை மிதித்தால் கார் நிற்கும். பின்னால் வரும் இரண்டு டன் கேரவனை யார் நிறுத்துவது? ஆஸ்திரேலியச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சக்கரங்களின் மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் கேரவனுக்குச் சொந்தமாக பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். அதோடு, ஓடும்போது கேரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடியே நிற்கும் ஏற்பாடும் வேண்டும்.

பெரும்பாலான கேரவன்களில் இருப்பது மின்சார பிரேக். வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும், காருக்குள் பொருத்தியிருக்கும் சிறிய கட்டுப்பாட்டுக் கருவி அந்தக் காந்தத்துக்கு மின்சாரம் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதோடு சேர்ந்து சற்று நகரும். அந்த நகர்வு ஒரு நெம்புகோலைத் தள்ள, பிரேக் கட்டைகள் விரிந்து டிரம்மை அழுத்தும். எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அவ்வளவு அழுத்தம்.

கருவியில் ஒரு பொத்தான் அல்லது சிறு நெம்பு இருக்கும். காரின் பிரேக்கைத் தொடாமல் கேரவன் பிரேக்கை மட்டும் பிடிக்க அது உதவும். கேரவன் பின்னால் வால் ஆட்டத் தொடங்கினால் உயிரைக் காப்பது இதுதான். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, அந்தப் பொத்தானை மெல்ல அழுத்த வேண்டும். பின்பாரம் இழுபட்டு வண்டி நேராகும்.

ஒரு சக்கரத்தின் மௌனம்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். பிள்ளைகள் இருவரும் மூன்று மணிக்கே காரில் ஏறிவிட்டார்கள். அத்தான் மட்டும் அவசரப்படவில்லை. அக்காளைக் காரில் உட்காரவைத்து அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

“ரேடியோக்காரி காதுதானே, வா. ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் குனிஞ்சு கேளு.”

காந்தத்துக்கு மின்சாரம் விட்டு விட்டுத் துடிப்பாகப் போவதால், அமைதியான இடத்தில் மெல்லிய ரீங்காரம் கேட்கும். வலப்பக்கம் இரண்டு சக்கரமும் பாடின. இடப்பக்கம் முன்சக்கரமும் பாடியது. இடது பின்சக்கரத்தில் மட்டும் சத்தமே இல்லை. வானொலியில் ஐந்து விநாடி மௌனம் வந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். இந்த மௌனமும் அப்படித்தான் இருந்தது.

அத்தான் மீட்டரை எடுத்துக்கொண்டு கேரவனுக்கு அடியில் படுத்தார். சக்கரத்தின் பின்புறம் காந்தத்திலிருந்து வரும் இரண்டு கம்பிகளைப் பிரித்து அளந்தார். மூன்று ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. இந்த அளவுக் காந்தத்துக்கு அதுதான் சரியான அளவு. ஆக, காந்தம் உயிரோடு இருக்கிறது. கோளாறு வரும் வழியில். கம்பியைத் தொட்டுக்கொண்டே போனபோது காரணம் தெரிந்தது. அச்சோடு சேர்த்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கட்டு அறுந்திருந்தது. கம்பி அச்சில் உரசி உரசி மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “மாப்பிள்ளை, மூணு சக்கரம் வேலை செய்யுதே, போதாதா? பிள்ளைங்க எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்குதுங்க.”

“சமதரையா இருந்தா மெதுவா போயிடலாம் அத்தை. மலை இறங்கும்போது நாலு பேர் தூக்க வேண்டியதை மூணு பேர் தூக்கணும். அந்த மூணும் சீக்கிரமே சூடாயிடும். அதோட ஒரு பக்கம் ரெண்டு, ஒரு பக்கம் ஒண்ணுன்னு பிடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். காருக்குள்ள நாம ஆறு பேர்.”

அம்மா மறுபேச்சு பேசவில்லை. கேரவன் குளிர்பெட்டியில் வைத்த நாசி லெமாக் பொட்டலங்களை எடுத்துவந்து வீட்டு மேசையில் பரப்பினார். கியாமாவில் அன்றிரவுக்குக் கட்டிய வாடகை வீணானது. சின்னவன் அழுதுகொண்டே தூங்கிப்போனான்.

இற்ற பகுதியை வெட்டியெடுத்து, புதுக் கம்பி இணைத்து, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை மாட்டினார் அத்தான். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி உள்ளேயும் பார்த்தார். பிரேக் கட்டையில் கிரீஸ் படிந்திருக்கிறதா, காந்தத்தின் முகம் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியவை. காந்தம் தேய்ந்து உள்ளிருக்கும் செம்புச் சுருள் தெரிந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். கட்டையில் கிரீஸ் ஊறிவிட்டால் துடைத்துப் பயனில்லை. அந்த அச்சின் இரு பக்கமும் புதிதாகப் போட வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, பின்தட்டின் துளை வழியே பல்சக்கரம் போன்ற ஒரு திருகைத் திருப்பினார். சக்கரம் கையால் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசாக உரசும் வரை தளர்த்துவதுதான் கணக்கு. மின்சார பிரேக்கைப் பலரும் மறப்பது இங்கேதான். கட்டை தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும். காந்தம் நன்றாக இருந்தாலும் பிடிப்பு குறைந்துவிடும். சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் குனிந்து கேட்டேன். நான்கும் பாடின.

கோயில், பாலம், கடல்

சனிக்கிழமை காலை தெரு முனையில் இன்னொரு சோதனை. வாகனமில்லாத சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பொத்தானை அழுத்தி, கேரவன் உறுதியாகப் பின்னுக்கு இழுக்கிறதா, சக்கரம் இறுகி வழுக்குகிறதா என்று பார்த்து, கருவியின் அளவை ஏற்றி இறக்கினார் அத்தான். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தால் ஓர் அளவு, காலியாக இருந்தால் வேறு அளவு.

முதல் நிறுத்தம் ஹெலன்ஸ்பர்க். காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரத்தோடு நிற்கிறது ஸ்ரீ வெங்கடேஸ்வரர் ஆலயம். வார இறுதியில் கோயில் உணவகத்தில் மசாலா தோசைக்கு நிற்கும் வரிசையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். பத்துமலைக் கூட்டம் பார்த்த அம்மாவுக்கே அது பிடித்துப்போனது.

அருகில்தான் சீ கிளிஃப் பாலம். பாறைச் சரிவு காரணமாகப் பழைய கடலோரச் சாலை 2003-இல் மூடப்பட்டு, 2005-இல் இந்தப் பாலம் திறக்கப்பட்டது. 665 மீட்டர் நீளத்துக்குக் கடலின் மேலேயே வளைந்து போகிறது. ஆனால், கேரவனோடு அந்தக் குறுகிய கடலோரப் பாதையும், கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட புல்லை மலைப்பாதையும் வேண்டாம் என்பது அத்தானின் முடிவு. பாலத்தைத் திரும்பும் வழியில் இன்னொரு நாள் காரில் மட்டும் போய்ப் பார்த்துக்கொண்டோம்.

மவுண்ட் ஊஸ்லி உச்சியில், சரிவு தொடங்கும் முன்பே அத்தான் கியரைக் குறைத்தார். மிதியில் காலை வைத்தபடியே இறங்கவில்லை. வேகம் கூடும்போது உறுதியாக ஒருமுறை பிடித்துக் குறைத்துவிட்டு, முழுதாக விட்டுவிடுவார். தொடர்ந்து உரசினால் டிரம் சூடாகி, பிடிப்பு மங்கிவிடும்; விட்டுப் பிடித்தால் காற்று அதை ஆற்றும். அடிவாரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பார்த்தோம். நான்கிலும் ஒரே மாதிரியான வெதுவெதுப்பு. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் உரசுகிறது என்று பொருள்.

கியாமாவில் 1887-இல் கட்டப்பட்ட வெள்ளைக் கலங்கரை விளக்கத்தின் அடியில் அந்தப் புகழ்பெற்ற பாறைத் துளை. தென்கிழக்கிலிருந்து அலை வந்தால், துளை வழியே கடல்நீர் பனைமர உயரத்துக்குப் பீறிட்டு அடிக்கும். முதல் நாள் அழுத சின்னவன் முழுதாக நனைந்து, இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்று அடம்பிடித்தான்.

நீங்கள் போவதானால்

ஆஸ்திரேலியாவில் உறவினர் வீட்டுக் கேரவனிலோ வாடகைக் கேரவனிலோ போகத் திட்டமிடும் குடும்பங்கள், கிளம்பும் முன் 15 நிமிடம் ஒதுக்குங்கள். காரையும் கேரவனையும் இணைக்கும் பிளக்கின் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தச் சொல்லி ஒவ்வொரு சக்கரமாகக் காது கொடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கழன்றால் பிடிக்கும் பிரேக்கின் ஊசியை இழுத்துப் பார்த்து, சக்கரங்கள் இறுகுகின்றனவா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு மறக்காமல் ஊசியைத் திரும்பச் செருகுங்கள். இல்லாவிட்டால் பேட்டரி காலியாகும், காந்தமும் சூடாகும். நிறுத்திவைக்கும்போது மின்சார பிரேக்கை நம்பாமல் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். ஓடும் கேரவனுக்குள் பிள்ளைகளைப் படுக்கவைக்காதீர்கள். அதற்குச் சட்டமும் இடம் தராது.

ஒரு சக்கரம் மௌனமாக இருந்தால், அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஓர் இரவு வாடகையும் பிள்ளைகளின் அழுகையும் மறுநாளே மறந்துபோகும். கியாமாவின் கடல் எங்கும் போய்விடாது.