லினக்ஸுக்கு மாறும் எடைத்தராசு

திரையில் வந்த பில்லில் ரூபாய்க் குறியைத் தவிர எல்லாம் இருந்தது. ₹ நிற்க வேண்டிய இடத்தில், நான்கு மூலைக்கும் கோடு நீட்டிய ஒரு சின்ன வட்டம். அதையடுத்து 1,234,567.00. லட்சக் கணக்கில் 12,34,567 என்று விழ வேண்டிய காற்புள்ளிகள் மில்லியன் கணக்கில் விழுந்திருந்தன.

"தொகை மாறலையே அண்ணா?" என்றான் புதிதாகச் சேர்ந்த பையன்.

"மாறலதான் தம்பி. இதை மில்லு அக்கவுண்டன்ட்கிட்டக் கொண்டுபோயி நீட்டு, அப்பறம் தெரியும்" என்றார் குழுவில் மூத்தவர்.

கோவை அவிநாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், முதல் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எழுதிக் கொடுத்ததை ஓட வைத்துக்கொண்டிருப்பதும்தான் பிழைப்பு. நான் போயிருந்த நேரத்தில் ஒரு பழைய விண்டோஸ் நிரலை லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நூல் மூட்டையைத் தராசில் வைத்தால் எடையைப் படித்து லேபிள் அடிக்கும். ஆட்களின் விரல் ரேகையை வாங்கி வருகை பதியும். மொத்தக் கணக்கையும் சர்வருக்கு அனுப்பும். சி ஷார்ப்பில், விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதியது.

லினக்ஸ் மீதான காதலால் வந்த வேலை இல்லை இது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மில்லில் இருக்கும் பழைய கணினிகளில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப் கிடையாது. நன்றாக ஓடும் பெட்டியை எதற்குத் தூக்கிப் போட வேண்டும் என்பது முதலாளியின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

சர்வர் பக்கம் டாட்நெட் 8-க்குப் போயாகிவிட்டது. அது லினக்ஸில் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவோடே ஓடும். ஆனால் பட்டனும் பெட்டியுமாக இருக்கும் விண்டோஸ் ஃபார்ம்ஸை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு வெளியே விடவில்லை. அதனால் எடை போடும் இடத்தில் ஓடுவது மோனோ.

மோனோவின் கதையே ஒரு குடும்ப வழக்கு மாதிரி நீளும். டாட்நெட் விண்டோஸுக்குள் மட்டும் இருந்த நாளில், 2001-இல், மிகெல் டி இகாசாவின் சிமியன் நிறுவனம் அதைத் திறமூலமாக மறுபடி எழுதப்போவதாக அறிவித்தது. சி ஷார்ப் மொழியின் வரையறை எக்மா தரமாக வெளியானதால் அது சாத்தியமாயிற்று. 2003-இல் சிமியனை நோவெல் வாங்கியது. 2004 ஜூனில் மோனோ 1.0 வந்தது. 2011-இல் நோவெல் கைமாறியபோது மோனோ குழு வேலையிழந்தது. அதே ஆண்டு சமரின் என்ற நிறுவனம் பிறந்தது. 2016-இல் சமரினை மைக்ரோசாஃப்ட்டே வாங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் மோனோவின் பொறுப்பை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டத்தாரிடம் ஒப்படைத்தது. இத்தனை கை மாறிய ஒன்றின் மேல்தான் கோவை மில்லின் மூட்டைக் கணக்கு ஓடுகிறது. இதைச் சொன்னபோது மூத்தவர் சிரித்தார். "சோர்ஸ் கையில இருக்குதுங்க. நின்னு போனா நாமளே ரிப்பேர் பண்ணிக்கலாம். நின்னுபோன விண்டோஸை என்ன பண்ணறது?"

மோனோவுக்கென்று மோமா என்ற பழைய கருவி உண்டு. நிரலைக் கொடுத்தால், மோனோவில் இல்லாத செயல்கள் எவை, பெயருக்கு இருந்து உள்ளே வெறுமையாக இருப்பவை எவை, விண்டோஸ் நூலகங்களை நேராகக் கூப்பிடும் இடங்கள் எவை என்று பட்டியல் போடும். ஆரம்பத்திலேயே அதை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். அதில் வந்ததெல்லாம் எளிதில் தீர்ந்தது. நாட்களைத் தின்றது அதில் வராதவைதான். நிரலில் எழுதியிருப்பதைக் கருவி படித்துவிடும். எழுதியவர் விண்டோஸை நம்பி எழுதாமல் விட்டதை எந்தக் கருவி படிக்கும்?

கோப்புப் பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். லோகோ படத்தின் பெயர் வட்டில் சிறிய எழுத்தில், நிரலில் பெரிய எழுத்தில். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. இந்தப் பிழையாவது உடனே சத்தம் போடும். பின்சாய்வுக் கோடு சத்தமே போடாது. அறிக்கைகளுக்கான ஃபோல்டர், அதன் பின் ஒரு பின்சாய்வுக் கோடு, அதன் பின் கோப்பின் பெயர் என்று பாதையை எழுதி வைத்திருந்தார்கள். லினக்ஸில் பின்சாய்வுக் கோடும் பெயரில் வரத்தக்க சாதாரண எழுத்து. நிரல் குறை சொல்லாமல், அந்தக் கோட்டையும் சேர்த்து ஒரே நீளப் பெயராக வைத்துக் கோப்பை எழுதிவிட்டது. ஃபோல்டர் காலி, எர்ரரும் இல்லை. மோனோவில் இதற்கென்று ஐஓமேப் என்ற சுற்றுவழி ஒன்று இருந்தது, பின்னாளைய பதிப்புகளில் எடுத்துவிட்டார்கள். பாதைகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியவர் குழுவில் இருக்கும் ஒரு பெண். அலுப்பு தட்டும் வேலை என்று அவரே சொன்னார்.

விரல் ரேகைக் கருவிதான் குழுவை உண்மையாகவே உட்கார வைத்தது. அதைத் தயாரித்தவர்கள் லினக்ஸுக்கும் நூலகம் கொடுத்திருந்தார்கள். ஓட்டியதும் 'டிஎல்எல் கிடைக்கவில்லை' என்று வந்தது. கோப்போ கண்ணெதிரே இருந்தது. மோனோவின் லாக் அளவை டீபக் என்று ஏற்றி வைத்தால், நூலகத்தை எங்கெங்கே தேடுகிறது என்று வரிவரியாகக் கொட்டும். தேடிக் கண்டுபிடித்திருந்தது, திறக்கத்தான் முடியவில்லை. எல்டிடி கட்டளையைக் கொடுத்ததும் தெரிந்தது: அந்த நூலகம் சார்ந்திருக்கும் யுஎஸ்பி நூலகம் கணினியில் இல்லை. தொலைந்தது ஒன்று, செய்தி சொன்ன பெயர் வேறொன்று.

அதை நிறுவியதும் ரேகை வந்தது, ஆனால் படம் வரவில்லை. கருவி திருப்பித் தரும் விவரத்தில் அகலம் 256 என்று சரியாக இருந்தது. உயரம் 0. தரம் என்ற கட்டத்தில் 360. தரம் நூற்றுக்கு மேல் போகவே போகாது. சில முறை நிரல் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, ரேகைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் செத்தும் விழுந்தது. எல்லாரும் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும் 360-ஐ விடவில்லை. படத்தின் உண்மையான உயரம் 360.

"உயரம் தொலையலை அண்ணா, ஒரு கட்டம் தள்ளி உக்காந்திருக்கு."

காரணம் சி மொழியின் லாங். 64 பிட் விண்டோஸில் அதற்கு 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். சி ஷார்ப் பக்கம் எல்லாவற்றையும் 4 பைட் என்று அறிவித்திருந்தார்கள். அதனால் அகலத்தின் முதல் பாதி அகலமாகவும், பூஜ்யமாக இருந்த மறுபாதி உயரமாகவும், உயரம் தரமாகவும் படிக்கப்பட்டன. கருவியோ 12 பைட் இடத்தில் 24 பைட்டைக் கொட்டிப் பக்கத்து நினைவகத்தை மிதித்தது. வேறெங்கோ நிரல் செத்ததற்கு அதுதான் விளக்கம். டாட்நெட் 6-இலிருந்து இதற்கென்றே சி லாங் என்று ஒரு வகை இருக்கிறது. மோனோவில் அது இல்லாததால் லினக்ஸுக்குத் தனி அமைப்பு எழுதிக்கொண்டார்கள். திருத்தம் மூன்றே வரி.

தராசு அவ்வளவு படுத்தவில்லை. காம் 3 என்ற பெயரை லினக்ஸின் டிடிஒய் யுஎஸ்பி என்று மாற்றி, பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்தால் போர்ட் திறந்துவிடுகிறது. எடை வந்ததும் தட்டி எழுப்பும் நிகழ்வை மோனோ தருவதில்லை என்பதால், தனி இழை ஒன்று போர்ட்டை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

லேபிள் வேறு கதை. விண்டோஸின் ஜிடிஐ பிளஸ் வரைதலை மோனோவில் லிப்ஜிடிஐபிளஸ் என்ற நூலகம் கெய்ரோ என்ற இன்னொரு நூலகத்தை வைத்துச் செய்கிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ஒற்றைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பேங்கோ இல்லாமல் கட்டிய நூலகத்தில் அவை பின்னாலேயே நின்றுவிடும். 'கோவை' என்ற ஊர்ப்பெயரே சிதைந்து அச்சானது. பேங்கோவோடு மறுபடி கம்பைல் செய்துதான் ஊரை மீட்டார்கள். இந்திய மொழிகளுக்கு இன்னும் இப்படித் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எரிச்சலான விஷயம்.

முதலில் சொன்ன பில்லுக்கு வருவோம். அது சர்வரின் கோளாறு. சர்வர் ஓடுவது டாட்நெட்டின் ஆல்பைன் கன்டெய்னரில்; அது அளவில் சிறியது. அப்படி இருப்பதற்காக ஐசியூ என்ற மொழித் தரவு நூலகத்தை விட்டுவிட்டு, எந்த நாட்டு வழக்கமும் இல்லாத பொது முறையில் ஓடும். அந்த முறையில் பணத்தின் குறி அந்த வட்டம்தான்; எண்களையும் மும்மூன்றாகத்தான் பிரிக்கும். ஐசியூவை அதன் முழுத் தரவோடு நிறுவி, பொது முறையை அணைத்து, நிரலில் இந்திய வழக்கத்தைப் பெயர் சொல்லிக் கேட்டதும் லட்சம் திரும்பியது.

கன்டெய்னரின் கடிகாரம் யுடிசியில் இருந்ததை மட்டும் மில்லில்தான் கண்டுபிடித்தார்கள். நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் நடுவே போட்ட மூட்டையெல்லாம் முந்தின நாள் கணக்கில் ஏறியிருந்தது. இரவு ஷிப்ட் ஃபிட்டர் ஒருவர் நேராக வந்து கேட்டாராம்: "ஏனுங்க, நாங்க ராத்திரி வேலையே பாக்கலீங்களா?" அன்றைக்கே நேர மண்டலத்தைத் திருத்தினார்கள். விண்டோஸ் சொல்லும் 'இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்', லினக்ஸ் சொல்லும் 'ஏசியா கொல்கத்தா' ஆகிய இரண்டு பெயரையும் டாட்நெட் 6 முதல் ஏற்றுக்கொள்கிறது என்பதால் அதில் சிரமமில்லை.

மாறாமல் மிச்சம் இருப்பது மாதக் கடைசி அறிக்கை. அது கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில் செய்தது; அதன் டாட்நெட் நூலகம் விண்டோஸை விட்டு வராது. திரும்ப எழுதுவதற்கு மில் பணம் ஒதுக்கவில்லை. அக்கவுண்டன்ட் அறையில் மட்டும் ஒரு விண்டோஸ் பெட்டியை இணையத் தொடர்பு இல்லாமல் வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. அக்கவுண்டன்டுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.