மலர் சென்ற வழியே

நவ கைலாயத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்தவன் நான். மார்கழி ஞாயிற்றுக்கிழமையொன்றில், விடியுமுன் திருநெல்வேலியில் சிறப்புப் பேருந்தில் ஏறி, இரவு வீடு திரும்பினேன். ஒன்பது சந்நிதிகள், ஒன்பது விபூதிப் பொட்டலங்கள். மறுநாள் என் துணைவியார், "கோடகநல்லூரில் அம்பாள் பெயர் என்ன?" என்று கேட்டபோது விடை தெரியவில்லை. தலங்களை இணைக்கும் தாமிரபரணியையோ பாலங்களின் மேலிருந்து நாலைந்து முறை கண்டதோடு சரி.

அந்தக் குறை நெடுநாள் மனத்தில் இருந்தது. சென்ற தை மாதப் பிற்பகுதியில், மலையடியிலிருந்து கடல்வரை ஆற்றோடு நடந்தே செல்வது என்று புறப்பட்டேன். கல்லிடைக்குறிச்சியில் விவசாயம் பார்க்கும் என் மைத்துனர் துணை வந்தார். நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான தொலைவு, ஏழு நாட்கள்.

இந்த யாத்திரைக்கு ஆதாரமான புராண வரலாற்றை அன்பர்கள் பலர் அறிந்திருப்பார்கள். அகத்திய மாமுனிவரின் சீடர் உரோமசர் சிவபெருமானைக் கண்ணாரக் காண விரும்பினார். குருநாதர் ஒன்பது தாமரை மலர்களை ஆற்றில் விடச் செய்து, ஒவ்வொரு மலரும் கரை ஒதுங்கும் இடத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து வழிபடுமாறு பணித்தார். இறுதியில் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நீராட வேண்டும். முதல் மலர் ஒதுங்கிய இடம் பாபநாசம். ஒன்பதாவது மலர் சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். சூரியன் முதலாக ஒன்பது கோள்களுக்கும் உரிய தலங்களாக இவை போற்றப்படுகின்றன.

முதல் நாள் விடியலில் பாபநாசம் படித்துறையில் இறங்கினோம். பொதிகைமலையின் குளிர் நீரிலேயே இருந்தது. உலகம்மை சந்நிதியின் முன்னுள்ள உரலில் பெண்கள் மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தார்கள். அம்பாளின் அபிஷேகத்துக்குரிய மஞ்சள் அது. அந்த மணம் வெகுநேரம் உடன் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் காரியங்களை முடித்துவிட்டு இதே படித்துறையில் மூழ்கி எழுந்தேன். "உடுத்தியிருப்பதை ஆற்றோடு விட்டுவிடுங்கள், பாவம் தொலையும்" என்று அருகிலிருந்தவர் சொன்னார். பச்சைக் கரை போட்ட வேட்டியை அவிழ்த்து விட்டேன். அது சுழன்று சென்று கண்ணுக்கு மறைந்தது. அத்துடன் அது முடிந்தது என்றே அன்று எண்ணினேன். இன்றோ, துணிகளை ஆற்றில் விடாதீர் என்ற அறிவிப்புப் பலகை அங்கே நிற்கிறது. அதற்குக் கீழேயே ஈரத்துணிகள் கல்லிடுக்கில் சிக்கிக் கிடந்தன. நான் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அம்பாசமுத்திரம் வரை வயல்களின் ஊடே வழி. பிசானப் பயிர் கதிர் முற்றி நின்றது. ஆற்றின் குறுக்கே கடல்வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று மைத்துனர் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். கன்னடியன் கால்வாய்க்கு அழகியதொரு கதை உண்டு. அறச்செயல் செய்யப் பொருள் வைத்திருந்த கன்னட அந்தணர் ஒருவரிடம் அகத்தியர், "ஒரு பசுவின் பின்னே செல், அது நடக்கும் வழியே கால்வாய் வெட்டு, அது படுக்கும் இடத்தில் குளம் வெட்டு" என்றாராம். "அத்தான், அந்தப் பசு நடந்த வழியிலதான் எங்க வயலுக்கு இன்னைக்கும் தண்ணி வருது" என்றார் மைத்துனர். ஏட்டில் படித்திருந்தால் கதை என்று கடந்திருப்பேன். வரப்பில் நின்று கேட்டபோது அப்படித் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் திருப்புடைமருதூர். நவ கைலாயத்தில் சேராத தலம் என்றாலும் தவறவிடலாகாது. கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடம் இது. மருத மரங்களில் பறவைகள் நிறைந்திருந்தன. ஆற்றில் வெள்ளம் வந்து கடக்க முடியாதபோது கருவூர்ச் சித்தர் மறுகரையிலிருந்தே குரல் கொடுத்தார். அதைக் கேட்கச் சாய்ந்த பெருமான் சாய்ந்தவாறே இன்றும் காட்சி தருகிறார். கோபுரத்தின் உள்நிலைகளில் உள்ள பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இக்கோயிலின் பெருஞ்செல்வம். அன்றிரவு சேரன்மகாதேவியில், சந்திரனுக்குரிய அம்மைநாதர் கோயிலருகே தங்கினோம்.

மூன்றாம் நாள் என் வலது கால் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. கோடகநல்லூர் செவ்வாய்த் தலம். திண்ணையில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மையார் மோரும் சுத்தமான துணிக் கிழிசலும் கொண்டுவந்து தந்தார். "கடல் வரைக்குமா? ஆத்தோட போறவுகளுக்கு ஆறு துணை இருக்கும், போய்ட்டு வாங்க" என்றார். அம்பாள் பெயர் சிவகாமி. இனி மறவேன்.

இராகுவுக்குரிய குன்னத்தூரைத் தரிசித்து நெல்லை சேர்ந்தோம். நான்காம் நாள் அதிகாலை குறுக்குத்துறையில் நீராடினோம். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். பாறையில் அமைந்த மூலவர் நீருக்குள்ளேயே இருப்பார். பிறகு கொக்கிரகுளம் வழியே, 1843-ல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளில் கட்டிய பாலத்தைக் கண்டு நடந்தோம். மாலையில் முறப்பநாடு. ஆறு இங்கே வடக்கு நோக்கித் திரும்புவதால் தட்சிண கங்கை என்று பெயர். குருவுக்குரிய இத்தலத்தில் நந்தி குதிரை முகத்துடன் காட்சி தருகிறது. குதிரை முகத்தோடு பிறந்த சோழ அரசகுமாரி இங்கு நீராடி மனித முகம் பெற்றாள் என்றும், அவள் வினையை நந்தி தன் முகத்தில் ஏற்றுக்கொண்டது என்றும் தல வரலாறு கூறுகிறது. ஒருவர் இறக்கி வைப்பதை இன்னொருவர் சுமக்கத்தான் வேண்டும் போலும்.

அதன் பொருள் மறுநாள் மருதூர் அணைக்கட்டில் விளங்கிற்று. மதகில் ஒருவர் நீண்ட கொக்கியால் எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். சேலைகள், சட்டைகள், வேட்டிகள். சேறு பிடித்துக் கனத்த துணிகள். "எல்லாம் மேல இருந்து வர்றதுதான் அய்யா. புண்ணியம்னு விடுதாக. மதகு அடைச்சுக்கிட்டா வயலுக்குத் தண்ணி போகாது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அடுத்து அவர் இழுத்தது ஒரு வேட்டி, பச்சைக் கரை. இருபது ஆண்டுகளுக்கு முந்தியது இவ்வளவு காலம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தோள்பையைக் கீழே வைத்துவிட்டு அவருடன் சேர்ந்து இழுத்தேன். மைத்துனரும் கை கொடுத்தார். அரைமணி நேரத்தில் ஒரு குவியல் சேர்ந்தது. அந்த யாத்திரையில் நான் செய்த வழிபாடுகளில் அதையும் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

எதிர்க்கரையில் முதுமக்கள் தாழிகளால் உலகறிந்த ஆதிச்சநல்லூர். இக்கரையில் ஸ்ரீவைகுண்டம், சனி பகவானுக்குரிய கைலாசநாதர் தலம், குமரகுருபரர் அவதரித்த ஊர். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் இவ்வூர் நிலையத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தங்கள் வீடுகளில் இருந்ததைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தார்கள். இந்த ஆற்றங்கரை மக்களின் இயல்பு அது.

ஆறாம் நாள் ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் வீற்றிருந்த உறங்காப் புளிய மரத்தை வணங்கி, புதனுக்குரிய தென்திருப்பேரை சேர்ந்தோம். ஏழாம் நாள் கேதுவுக்குரிய இராஜபதி. பழைய கோயில் வெள்ளத்தில் அழிந்துபோக, அன்பர்கள் அண்மைக் காலத்தில் மீண்டும் எழுப்பிய ஆலயம். பிறகு ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைக் கடந்து, சுக்கிரனுக்குரிய சேர்ந்தபூமங்கலத்தில் ஒன்பதாவது தரிசனம். பேருந்தில் வந்த நாளில் சலிப்புடன் நின்ற அதே சந்நிதியில் இம்முறை கண்ணீர் வந்தது.

அங்கிருந்து புன்னைக்காயல். மீனவர்கள் வாழும் ஊர். மாதா கோயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. மலையில் பாறைகளுக்கிடையே கண்ட ஆறு இங்கே அகன்று, ஓசையின்றிக் கடலில் கலக்கிறது. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவரிடம் எங்கள் நடையைச் சொன்னோம். "மேல விடுறதெல்லாம் கடைசியில எங்க வலையிலதான் வந்து விழும். துணி விழுந்தா வலை கிழியும்" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு ஆழம் குறைந்த இடத்தை அவரே காட்டி, நாங்கள் நீராடி முடிக்கும்வரை கரையில் நின்றார்.

உரோமசர் விட்ட மலர் சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்தது. நான் விட்ட வேட்டியும் எங்கோ ஒரு மதகையோ, ஒரு வலையையோ சேர்ந்துதான் இருக்கும். மூழ்கி எழுந்து, ஈர வேட்டியைப் பிழிந்து பையில் வைத்துக்கொண்டேன். தந்தையாரை நினைத்து ஒரு கை நீர் மட்டும் வார்த்தேன்.

யாத்திரை செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: தை, மாசி மாதங்களே ஏற்றவை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வெள்ள அபாயம் உண்டு. நாளொன்றுக்குப் பதினைந்து முதல் இருபது கிலோமீட்டர் போதும். சிற்றூர்க் கோயில்களின் நடை முற்பகலிலேயே சாத்தப்படும். முன்கூட்டி விசாரித்துச் செல்லுங்கள். நடக்க இயலாதவர்கள் இரண்டு தலங்களுக்கு இடையிலாவது ஆற்றோரம் நடந்து பாருங்கள். பாபநாசத்தில் நீராடுவோர் ஈரத்துணியை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அன்னை தாமிரபரணிக்கு நாம் செலுத்தும் காணிக்கை அதுவாகட்டும்.