மழையொலியும் மேனாட்டுப் பாடகரும்

உந்தியிலிருந்து மேலெழுங் காற்றே பல உறுப்புக்களிலும் பொருந்தி எழுத்தொலியாகப் பிறக்கின்றதென்பது தொல்காப்பியர் காட்டிய உண்மை. அவ்வாறு பிறந்த ஒலி, பிறந்த கணத்திலேயே காற்றிற் கலந்து மறைந்தொழிவதும் உலகியற்கை. நம் சங்க நூல்களிற் பேசப்படும் பாணர் எத்துணையர்! அவருள் ஒருவர் குரலையேனும் நாம் கேட்டதுண்டோ? பாட்டு நின்றது, பாடிய மிடறு மறைந்தது. 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்து எடிசன் என்பார் ஒலியைப் பிடித்து வைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் யந்திரத்தைக் கண்டார். பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் என்பார் வட்டத் தட்டில் ஒலியைப் பொறிக்கும் வழியைக் கண்டார். அது முதற்கொண்டு பாடுவோர் இறந்த பின்னரும் பாடி வருகின்றனர். இஃது எமக்குப் புத்தகச் செய்தி மட்டும் அன்று. எம் இல்லத்தே நிகழ்ந்த செய்தியும் ஆகும். அதனையே ஈண்டு நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

நீலகிரியில், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் எம் தாத்தா டீமேக்கராகத் தொழில் புரிந்தவர். கொழுந்து வாடும் மாடியிலும், உருளைகள் இரையும் கீழ்த்தளத்திலும் முப்பத்தாறு ஆண்டுகளைக் கழித்தவர். தேயிலை பதம் அடைந்ததை மூக்கினாலேயே அறிந்து கூறுவார். பகலெல்லாம் யந்திர இரைச்சலில் உழன்ற செவிக்கு இரவில் மெல்லிய குரல் ஒன்று வேண்டியிருந்தது போலும். 1974-இல், மலையை விட்டுச் சென்ற துரை ஒருவர் தம் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, தாத்தா ஓர் இசைத்தட்டுப் பெட்டியையும், அதனுடன் ஒரே ஒரு தட்டையும் விலைக்கு வாங்கினார். அத்தட்டு, ஜிம் ரீவ்ஸ் என்பார் 1963-இல் வெளியிட்ட பன்னிரண்டு கிறிஸ்துமஸ் பாடல்களின் தொகுதி. பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்து நெகிழும் ஒருவனது பாட்டும் அதில் உண்டு. தாத்தாவுக்கு அதுவே உயிர்.

ஜிம் ரீவ்ஸ் 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், டெக்ஸாஸ் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இளமையில் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் பந்தெறிபவராக விளங்க எண்ணினார். உடலில் நேர்ந்த காயம் அவ்வழியை அடைத்தது. பின்னர் வானொலியில் அறிவிப்பாளரானார், அங்கிருந்தே பாடகரானார். அவர் பாடியது 'கண்ட்ரி' எனப்படும் அந்நாட்டுக் கிராமியச் சங்கீதம். வீடு, பிரிவு, தெய்வம், தாயின் நினைவு ஆகியவையே அதன் பொருள். நம் நாட்டுப்புறப் பாடல்களுக்கும் இவையன்றோ பொருள்?

தொடக்கத்தில் அவரும் பிறரைப் போல உரத்த குரலிலேயே பாடினார். 1957-இல் வெளிவந்த 'நான்கு சுவர்கள்' என்னும் பொருளுடைய பாட்டில் அவர் தம் முறையை மாற்றினார். ஒலிவாங்கிக்கு மிக அருகில் உதடுகளை வைத்து, அருகிருப்பவரிடம் பேசுவது போலத் தாழ்ந்த குரலிற் பாடினார். 1959-இன் இறுதியில் வெளிவந்த மற்றொரு பாட்டு, தொலைபேசியில் பேசும் ஒருவன் கூற்றாக அமைந்தது. அஃது அடுத்த ஆண்டில் பதினான்கு வாரங்கள் கண்ட்ரிப் பாடல்களுள் முதலிடத்தில் நின்றது. கிராமத்துப் பிடிலும் பாஞ்சோவும் ஒதுங்க, மெல்லிய வயலின்களும் பின்பாட்டும் சேர்ந்த இப்புதுமுறையை அக்காலத்தில் வளர்த்தவர்களுள் சேட் அட்கின்ஸ் என்னும் கித்தார்க் கலைஞர் தலையாயவர். ரீவ்ஸின் குரல் கடல் கடந்து சென்றது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் பாடிப் பதிவு செய்தார். நம் நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் மார்கழிக் குளிரில் அவர் குரல் ஒலிப்பதை நேயர்களே அறிவீர்கள்.

1964-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், அவர் தாமே ஓட்டிச் சென்ற சிறு ஆகாய விமானம், நாஷ்வில் நகரருகே இடிமழையிற் சிக்கி வீழ்ந்தது. அவரும் அவருடன் பியானோ வாசித்து வந்த நண்பரும் மாண்டனர். இரண்டு நாள் தேடிய பின்னரே உடல்கள் கிடைத்தன. அப்போது அவருக்கு நாற்பத்தோராம் வயது நிறையவில்லை.

ஆயினும் குரல் நிற்கவில்லை. அவர் மனைவியார் மேரி ரீவ்ஸ், எஞ்சியிருந்த ஒலிநாடாக்களைப் பேணி, ஆண்டுதோறும் ஒவ்வொன்றாக வெளிவரச் செய்தார். 1966-இல் இங்கிலாந்தில் ஐந்து வாரங்கள் முதலிடம் பெற்ற பாட்டு, பாடகர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. அதனை இயற்றிய அம்மையாருக்காக ரீவ்ஸ் மாதிரியாகப் பாடி வைத்ததே அது. பின்னர் வாத்தியங்களைச் சேர்த்து நிரப்பினர். 1981-இல் இன்னும் பெரியதொரு விந்தை நிகழ்ந்தது. 1963-இல் விமான விபத்தில் இறந்த பாட்ஸி கிளைன் என்னும் பாடகியின் குரலையும் ரீவ்ஸின் குரலையும் இணைத்து, உயிருடன் இருந்த நாளில் சேர்ந்து பதிவு செய்யாத இருவரையும் ஒரு பாட்டைச் சேர்ந்து பாடச் செய்தனர். இறந்தார் குரலை இருப்பார் தம் விருப்பப்படி மாற்றலாமோ என்னும் வினா எமக்கு அப்போதே எழுந்தது. அதற்கு விடை, எம் ஆச்சியிடமிருந்து கிடைக்குமென்று யாம் எண்ணவில்லை.

எம் ஆச்சி தென்காசிச் சீமையிற் பிறந்தவர். அவருக்கு ரீவ்ஸைக் காட்டிலும் கிட்டப்பாவே பெரிது. ஆச்சியின் தந்தையார் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் நாடகத்தை நேரிற் கண்டவர். அவருடைய தட்டுக்கள் சிலவற்றையும் வைத்திருந்தவர். கிட்டப்பா 1906-இற் பிறந்து, 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், இருபத்தேழாம் வயதில் மறைந்தார். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி வரிசையிலிருப்பார்க்கும் எட்டப் பாடிய மிடறு அது. ரீவ்ஸ் ஒருவர் செவியிற் பாடினார். கிட்டப்பா ஊர் முழுவதற்கும் பாடினார். இருவரையும் இன்று நமக்குக் காட்டுவன தட்டுக்களே. அக்காலத்துத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சிறிது மேற்பட்டே ஓடும். அதனைச் செய்யும் குழம்பிற் சேர்ந்தது அரக்கு. அவ்வரக்கோ பெரும்பாலும் நம் நாட்டு மரங்களில் வாழும் பூச்சிகள் தந்தது. பாண்டவரை எரிப்பதற்கு அரக்கு மாளிகை எழுந்ததென்று பாரதம் கூறும். பிற்காலத்து அரக்கோ குரலைக் காக்கும் மாளிகையாயிற்று.

கிட்டப்பாவின் மனைவியார் கொடுமுடி சுந்தராம்பாள், கணவர் இறந்தபோது இருபத்தைந்து வயதினர். வெள்ளுடை தரித்து, ஆடவருடன் சேர்ந்து நடிப்பதை விடுத்தார். 1935-இல் 'நந்தனார்' படத்தில் தாமே நந்தனார் வேடம் பூண்டு பாடினார். மேரி அம்மையார் கணவர் குரலை உலகின் முன் வைத்தார். சுந்தராம்பாள் அம்மையார் தம் குரலையே தெய்வத்தின் முன் வைத்தார். இவ்விருவர் கதையையும் கேட்ட எம் ஆச்சி, "ஒவ்வொருத்தி துக்கத்துக்கு ஒவ்வொரு வழி" என்று மட்டும் சொன்னார்.

இனி எம் குற்றத்தைக் கூறுதல் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் இரவில், தாத்தா எம்மை நோக்கி, "ஐயா, உன் கைப்பேசியில் என் பாட்டையும் ஒருதரம் பிடித்து வையேன்" என்றார். யாம் நண்பர்க்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். "நாளைக்குப் பார்க்கலாம், தாத்தா" என்றோம். அந்த நாளை வரவில்லை. மறு ஆண்டு ஐப்பசி மழையில், மூன்று நாட் காய்ச்சலில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உலகத்துப் பாட்டெல்லாம் அடங்கிய கருவி எம் சட்டைப் பையிலிருந்தது. அதில் அவர் குரல் ஒரு விநாடியும் இல்லை.

சென்ற விடுமுறையில் அவர் மரப்பெட்டியைத் துடைக்கையில் ஓர் ஒலிநாடா அகப்பட்டது. 1986 என்று அதன்மேல் அவர் கையெழுத்தில் இருந்தது. தட்டுப் பெட்டியின் முள் தேய்ந்து, வேறு முள் கிடைக்காதிருந்த காலத்தில், ஒலிபெருக்கிக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்து ரீவ்ஸின் பாடல்களை அவர் பதிந்து வைத்திருக்கின்றார். யாம் அதனைக் கணிப்பொறியில் ஏற்றினோம். பாட்டின்மேல் ஒரே இரைச்சல். அதனை நீக்கும் வசதி கணிப்பொறியில் இருந்தமையால் நீக்கினோம். ரீவ்ஸின் குரல் கண்ணாடி போலத் தெளிந்தது. பெருமிதத்துடன் ஆச்சியை அழைத்துப் போட்டுக் காட்டினோம்.

ஆச்சி சிறிது நேரம் கேட்டார். பின்பு, "மழை எங்கே ஐயா?" என்றார்.

எமக்கு விளங்கவில்லை. "அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரை பொத்துவிடும் போல இருந்தது. நான் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டேன். அதெல்லாம் எங்கே?" என்றார்.

நெஞ்சம் துணுக்குற்றது. நற்காலமாக நாடா கெடாமல் இருந்தது. அதனை அப்படியே மீண்டும் போட்டோம். முதலில் மழை, கோத்தகிரிச் சரிவில் ஐப்பசியில் பெய்யும் அம்மழை. அதனூடே ரீவ்ஸ். மூன்றாம் பாட்டின் நடுவே, இளமை ததும்பும் ஒரு பெண்குரல், "சாப்பிட வாங்க, ரசம் ஆறுது" என்கின்றது. உடனே, "உஸ்! பாடுகிறார் பார்" என்று ஓர் ஆண்குரல். அடுத்த அறையில், சிறுவராகிய எம் தந்தையார் பதினாறாம் வாய்பாட்டைத் தப்பாகச் சொல்லுகின்றார். வாழ்த்து அட்டைப் பாட்டு வந்ததும், ரீவ்ஸின் குரலுக்குக் கீழே, சுதி சேராத வேறொரு தாழ்ந்த குரல் உடன் பாடுகின்றது. அது தாத்தாவின் குரல்.

குழலையும் யாழையும் மழலைக்குப் பின் நிறுத்திய வள்ளுவர் உள்ளம் அன்றுதான் எமக்கு விளங்கியது. யாம் இரைச்சல் என்று நீக்கியது எம் குடும்பத்தை! ரீவ்ஸின் குரல் உலகெங்கும் ஆயிரம் பெட்டகங்களிற் பத்திரமாக இருக்கின்றது. அதனைத் துலக்க யாம் வேண்டுவதில்லை. எம் தாத்தாவோ, உலகம் முழுவதிலும், இந்த ஒரு நாடாவில் மட்டுமே இருக்கின்றார். அதுவும் பாடகராக அன்று, பாட்டைக் கெடுத்த இரைச்சலாக.

ஆச்சி முடிவுவரை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்றைக்கு ரசம் ஆறித்தான் போயிற்று" என்றார். பின்பு, கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் எல்லோரும் கேட்க அதனைப் போடும்படி பணித்தார். "துடைத்ததைப் போடாதே, மழையோடு போடு."

அவ்வாறே போட்டோம். அன்றிரவே ஆச்சியைப் பாடச் சொல்லி, அவர் இளமையிற் கற்ற கீர்த்தனை ஒன்றைக் கைப்பேசியிற் பதிந்துகொண்டோம். பாட்டின் நடுவே தொழிற்சாலைச் சங்கு ஊதியது. யாரோ கதவைத் தட்டினர். ஆச்சி அடியை மறந்து நகைத்தார். ஒன்றையும் யாம் நீக்கவில்லை.

நண்பர்காள்! பெரும் பாடகர்களின் குரலைக் காப்பதற்குக் கம்பெனிகளும் நூல்நிலையங்களும் உள. நம் வீட்டுப் பெரியோர் குரலைக் காப்பதற்கு நம்மையன்றி ஒருவரும் இலர். இவ்விடுமுறையில் ஊர் சென்றதும், அவர்களைப் பாடவோ பேசவோ சொல்லிப் பதிந்து வையுங்கள். வெளியே மழை பெய்தால், சாளரத்தை அடைக்க வேண்டுவதில்லை.