ஃபெர்னாண்டோ ஏறிய மேடு

பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சரான ஃபெர்னாண்டோ வலென்சுவேலா எறியும்போது பந்து போகிற பக்கம் பார்க்க மாட்டார். வலது முழங்காலை மார்பு வரைக்கும் தூக்கி, ஒரு கணம் அப்படியே நிற்பார். கருவிழி இரண்டும் வானத்தைப் பார்த்துச் செருகும். அதற்குப் பிறகுதான் இடக்கை சுழன்று வரும். 1981இல் லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோக்காரத் தெருக்களில் சிறுவர்களாக இருந்தவர்கள் அந்தச் செருகலைச் செய்து பார்க்காமல் வளர்ந்ததில்லை. 2024 அக்டோபர் 22 அன்று அவர் 63 வயதில் காலமானபோது அந்தச் சிறுவர்களுக்கும் தலை நரைத்திருந்தது.

அவரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் சீக்கிரமே வீட்டு ஆட்களிடம் போய்விடுகிறார்கள். வேலை முடிந்து வந்து ரேடியோவை ஸ்பானிய வர்ணனைக்குத் திருப்பும் அப்பா. பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றே தெரியாமல், 'நம்ம பையன்' எறிகிறான் என்பதற்காக மட்டும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காரும் பாட்டி. ஆட்டத்தின் கணக்கெல்லாம் மறந்துபோய், அந்த வீடு மட்டும் நினைவில் நிற்கிறது.

1981 ஏப்ரல் 9, பருவத்தின் முதல் ஆட்டம். எறிய வேண்டிய ஜெர்ரி ராய்ஸுக்குக் காலில் காயம். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் டாமி லசோர்டா 20 வயதுப் பையன் ஒருவனை இறக்கினார். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் எச்சோவாகீலா என்ற குக்கிராமம், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டி. இங்கிலீஷ் வராது, தொப்பை வேறு. ஹூஸ்டன் அணிக்கு ஒரு ஓட்டம்கூடத் தராமல் 2-0 என்று முடித்துக்கொடுத்தான். அதோடு சேர்த்து முதல் 8 ஆட்டங்களிலும் வெற்றி. அதில் 5 ஆட்டங்களில் எதிரணிக்கு ஓட்டமே கிடையாது. அவன் ஆயுதம் ஸ்க்ரூபால். அணித்தோழர் பாபி காஸ்டியோ கற்றுக்கொடுத்தது. நம்மவர்களுக்குச் சொல்வதென்றால் கூக்ளி மாதிரி: கை ஒன்று சொல்லும், பந்து வேறொன்று செய்யும்.

நிருபர்கள் மொய்த்தார்கள். ஸ்பானிய வர்ணனையாளர் ஹைமே ஹரீன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அதே ஆண்டு ஜூனில் வெள்ளை மாளிகையில் விருந்து. அந்த ஒரே ஆண்டில் சிறந்த புதுமுகத்துக்கான விருதும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவனுக்கே. இரண்டையும் ஒரே ஆண்டில் வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் லாஸ் ஏஞ்சலிஸின் மெக்சிகோ மக்கள் அவனைக் கொண்டாடியதற்குப் பின்னால் ஒரு பழைய ரணம் உண்டு. டாட்ஜர் ஸ்டேடியம் நிற்கும் சாவேஸ் ரவீனில் முன்பு பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அரசு குடியிருப்புத் திட்டம் வருகிறது, புது வீடுகளில் உங்களுக்கே முதலிடம் என்று சொல்லி 1950களின் தொடக்கத்தில் நகராட்சி அவர்களைக் காலி செய்யச் சொன்னது. பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலம் புரூக்ளினிலிருந்து வந்த டாட்ஜர்ஸுக்குப் போனது. 1959 மே மாதம், வெளியேற மறுத்த பெண் ஒருவரைக் காவலர்கள் கைகால்களைப் பிடித்து வாசற்படியில் தூக்கி இறக்கிய புகைப்படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. 1962இல் அதே மேட்டில் ஸ்டேடியம் திறந்தார்கள். பலர் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளை மேடேற்றியவன் வலென்சுவேலா.

1981 அக்டோபர் 23 ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் உயரும். சாம்பியன் கோப்பைக்கான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். நியூயார்க் யாங்கீஸ் ஏற்கெனவே 2-0 முன்னிலை. அன்று அவன் எறிந்தது எதுவும் சரியாக விழவில்லை. 9 அடிகள், 7 இலவச நடைகள், 4 ஓட்டங்கள். லசோர்டா அவனை எடுக்கவே இல்லை. 147 பந்துகள் எறிந்து 5-4 என்று ஜெயித்தான். இன்றைக்கு நூறு பந்தை நெருங்கினாலே பிட்சரை அழைத்துக்கொள்கிறார்கள். ஓட்டமே தராத ஆட்டங்களை விட்டுவிட்டு இந்தத் தள்ளாட்டத்தை ரசிகர்கள் அதிகம் சொல்வதில் ஆச்சரியமில்லை. முடியாத நாளிலும் வேலையை முடித்துவிட்டு வருகிற ஆளை அவர்கள் தினமும் வீட்டில் பார்த்தவர்கள்.

1990 ஜூன் 29 அன்று, தன் ஆட்டத்துக்கு முன், டொரான்டோவில் பழைய தோழர் டேவ் ஸ்டூவர்ட் எதிரணிக்கு ஓர் அடிகூடத் தராமல் நோ-ஹிட்டர் எறிவதை வலென்சுவேலா தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். இப்போது டிவியில் பார்த்ததை இனி நேரிலும் பார்ப்பீர்கள் என்று அணியினரிடம் சொல்லிவிட்டுப் போய், செயின்ட் லூயிஸுக்கு எதிராக அப்படியே செய்தார். கடைசிப் பந்தை அடித்தவர் இன்னொரு பழைய தோழரான பெட்ரோ குரேரோ. பந்து வலென்சுவேலாவின் கையுறையில் உரசித் திரும்பி இரண்டு பேரை அவுட்டாக்கியது.

ஒன்பது மாதம் கழித்து, 1991 பருவம் தொடங்கும் தறுவாயில் அணி அவரை விடுவித்தது. தோள் தேய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராகச் சட்டை மாற்றி ஆடியதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. 2003இல் ஸ்பானிய வர்ணனை அறைக்குத் திரும்பி வந்ததைத்தான் சொல்வார்கள். அவருடைய 34ஆம் எண்ணை இடைப்பட்ட ஆண்டுகளில் அணி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பேஸ்பால் புகழரங்கத்தில் இடம்பெற்றவர்களின் எண்ணைத்தான் ஓய்வுபெறச் செய்வோம் என்ற வழக்கத்தை ஒதுக்கிவைத்து, 2023 ஆகஸ்ட் 11 அன்று அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

அவர் போன மூன்றாம் நாள் உலகத் தொடர் தொடங்கியது. எதிரே மறுபடியும் யாங்கீஸ். ஆட்டக்காரர்கள் சட்டையில் 34 பொறித்த பட்டையோடு ஆடினார்கள். ஸ்டேடியத்தின் வாசலில் துலுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் தொப்பிகளும் குவிந்தன. மெக்சிகோவில் இறந்தோரை வரவேற்கும் நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. ஐந்தே ஆட்டங்களில் கோப்பை வந்தது. வெற்றி ஊர்வலம் நவம்பர் 1, அவருடைய 64ஆவது பிறந்தநாளாக இருந்திருக்க வேண்டிய நாள்.

வென்றது 173, தோற்றது 153. இந்தக் கணக்கை வைத்துத்தான் கூப்பர்ஸ்டவுன் புகழரங்க வாக்கெடுப்பில் இரண்டாம் ஆண்டிலேயே அவர் பெயர் பட்டியலிலிருந்து விழுந்தது. கணக்கு தப்பில்லை. பிடுங்கிய மண்ணை அவர் யாருக்கும் மீட்டுக் கொடுத்துவிடவும் இல்லை. ஆனால் துரத்தப்பட்ட இடத்துக்குத் தலைநிமிர்ந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போக ஒரு காரணத்தைக் கொடுத்தார். அதற்கான வாக்கை அந்த மக்கள் 1981லேயே போட்டுவிட்டார்கள்.