எதிராளியும் பேசட்டும்

எங்கள் பக்கத்துச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஒரு மலர் போடுவார்கள். வாலிபர் ஐக்கியம் நடத்தும் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்ற கதை அதில் வரும். கதைகளைக் கட்டாகக் கட்டி என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, நல்லதாக ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. கட்டைப் பிரித்து நாலு கதை படித்துவிட்டால் ஐந்தாவது என்னவென்று படிக்காமலே சொல்லிவிடலாம். குடிகார அப்பா. அடி வாங்கும் அம்மா. பிள்ளைக்கு விஷக்காய்ச்சல். சபை ஐயரவர்கள் வந்து ஜெபிக்கிறார். பிள்ளை கண் திறக்கிறது. அப்பா பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டு முழங்காலில் விழுகிறார். அடுத்த ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆலயத்தில் முன் வரிசை.

இதை எழுதுகிற பிள்ளைகளுக்கு விசுவாசம் போதாது என்று சொல்லமாட்டேன். அப்படி நடந்த வீடுகளும் உண்டு. என் குறை வேறு. அந்த அப்பா கதை நெடுகிலும் கத்துகிறார், அடிக்கிறார், அழுகிறார்; தன் மனதில் இருப்பதை ஒரு வாக்கியம் சொல்வதில்லை. எந்த வேலைக்குப் போகிறார், சம்பளம் எவ்வளவு, முதல் முதலாக எப்போது குடித்தார், யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று எழுதியவருக்கே தெரியாது. கடைசிப் பத்தியில் திருந்த வேண்டும் என்பதற்காக முதல் பத்தியில் குடிக்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இது சுவிசேஷக் கைப்பிரதிக்குச் சரி. கதைக்குச் சரியில்லை. விசுவாசத்துக்கும் சரியில்லை என்பதுதான் என் கட்சி.

கதை என்பதே பொய்தானே, விசுவாசிக்கு அது எதற்கு என்று கேட்கிற பெரியவர்கள் என் சிறு வயதில் இருந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலேயே ‘மோட்ச பிரயாணம்’ பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை எழுதிய ஜான் பன்யன் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு வருடம் கிடந்தவர். 1678-ல் அதை அச்சுக்குக் கொடுக்கும்போது, அச்சிடு என்றும் வேண்டாம் என்றும் நண்பர்கள் இரண்டு பட்டதைப் புத்தகத்தின் முகப்பிலேயே செய்யுளாக எழுதிவைத்தார். நம்முடைய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அந்தக் கதையைத்தான் 1894-ல் ‘இரட்சணிய யாத்திரிக’மாகப் பாடினார். ஆகவே கதை கூடுமா கூடாதா என்ற வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. எப்படிப்பட்ட கதை என்பதுதான் இனிப் பேச வேண்டியது.

தன்னைப்போலப் பிறனையும் நேசிக்கச் சொல்லும் கட்டளை நமக்குத் தெரியும். கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பிறன் யார்? தன் கட்சியைச் சேராத பாத்திரம்தான். கதைக்குள் எழுதுகிறவன் சர்வ வல்லவன். யாரை வேண்டுமானாலும் முட்டாளாக்கலாம், ஊமையாக்கலாம், காய்ச்சலில் சாகடிக்கலாம். தட்டிக்கேட்க ஆள் இல்லாத அந்த இடத்தில், தனக்குப் பிடிக்காத ஆளை அவன் எப்படி நடத்துகிறான் என்று பார்த்தால் அவன் பக்தி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி தஸ்தயேவ்ஸ்கி. 1849-ல் கைதாகி, சுட்டுக் கொல்வதற்கென்று மைதானத்தில் நிறுத்தப்பட்டு, கடைசி நிமிடத்தில் தண்டனை மாற்றப்பட்டு சைபீரியாவுக்குப் போனவர். போகும் வழியில் தொபோல்ஸ்கில், முன்பு நாடு கடத்தப்பட்டவர்களின் மனைவிமார் அவர் கையில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். சாகும்வரை அதை விடவில்லை. இவ்வளவு விசுவாசமுள்ள மனிதர் ‘கரமசோவ் சகோதரர்கள்’ எழுதும்போது என்ன செய்தார் தெரியுமா? கடவுளோடு மல்லுக்கு நிற்கிற இவானுக்கு நாவலிலேயே வலுவான வாதத்தைக் கொடுத்தார்.

சாராயக்கடை ஒன்றில் உட்கார்ந்து இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் பேசுகிறான். பண்ணையடிமைச் சிறுவன் மேல் நாய்களை ஏவிக் கடித்துக் குதறவைத்த ஜெனரல். ஐந்து வயது மகளைக் கொடும்பனியில் இரவு முழுக்கக் கழிப்பறையில் பூட்டிவைத்த பெற்றோர். இந்தக் குழந்தைகளின் கண்ணீருக்கு விலையாகக் கிடைக்கிற சொர்க்கம் எதுவானாலும் எனக்கு வேண்டாம் என்கிறான். இவற்றில் எதுவும் கற்பனை இல்லை, பத்திரிகைகளிலும் அச்சான பதிவுகளிலும் வந்தவை என்று தஸ்தயேவ்ஸ்கி நாவலை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதினார். எதிர்க்கட்சிக்கு அவரே ஓடியாடி ஆதாரம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்!

அப்போது அவர் இருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1878 மே மாதம் அவருடைய கடைசிப் பிள்ளை, மூன்று வயது நிரம்பாத அல்யோஷா, வலிப்பில் இறந்துபோனான். வலிப்பு அப்பாவிடமிருந்து வந்தது. மனைவி அன்னா அவரைத் தேற்றுவதற்காக இளம் தத்துவ அறிஞர் சொலவியோவோடு ஆப்டினா மடத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே அம்புரோஸ் என்ற முதிய துறவியைக் கண்டு பேசித் திரும்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடியானவப் பெண்ணை நாவலில் சோசிமா துறவி தேற்றுகிற இடம் அந்தப் பயணத்திலிருந்து வந்தது. இறந்த மகனின் பெயர்தான் கதாநாயகனுக்கும். பிள்ளையைப் புதைத்த மறு வருடம், பிள்ளைகள் ஏன் துன்பப்பட வேண்டும் என்ற கேள்வியை அத்தனை கூர்மையாகக் கேட்கிற துணிச்சல் ஒருவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்?

1879-ல் அந்த அத்தியாயங்கள் பத்திரிகையில் வந்ததும், இதற்கு மறுப்பு எங்கே என்று போபெதோனோஸ்த்செவ் என்ற நண்பர் கேட்டார். அரசாங்கத்தில் பெரிய இடத்தில் இருந்தவர். அடுத்த பகுதியில் வருகிற சோசிமாவின் வாழ்க்கைதான் பதில், அது வாதத்துக்கு வாதம் சொல்கிற பதிலாக இருக்காது, அது போதுமா என்று எனக்கே நடுக்கமாக இருக்கிறது என்று தஸ்தயேவ்ஸ்கி பதில் எழுதினார். பிரசங்க பீடத்தில் இருப்பவர் அப்படி நடுங்கினால் சபை கலங்கிவிடும். கதை எழுதுகிறவர் கொஞ்சமும் நடுங்காவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அப்படியானால் கதையில் கிறிஸ்தவம் எங்கே தெரியும் என்று வாலிபப் பிள்ளைகள் கேட்பார்கள். தமிழின் முதல் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1879-ல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர். கதையில் ஒருவரும் மதம் மாறவில்லை. ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு நாட்டை ஆளுகிறாள். கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்ற வாதம் நடக்கிறது. லஞ்சத்தை வெறுத்த ஒரு நீதிபதியின் மனசாட்சி பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எதிர்த்திசையிலும் ஒன்று சொல்லலாம். அ. மாதவையா இந்து, அவர் 1915-ல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ கிறிஸ்தவளான ஒரு பிராமண விதவையின் கதை. பாளையங்கோட்டையில் அந்த அம்மாள் கட்டிய ஆலயம் இன்றும் இருக்கிறது. அயலார் வீட்டு விசுவாசத்தை அவ்வளவு மரியாதையோடு எழுத அவருக்கு முடிந்திருக்கிறது. நமக்கு நம் வீட்டுக் குடிகாரரைக்கூட மரியாதையாக எழுத வரவில்லை.

பிடிக்காதவரைப் பேசவிடுவது ஒரு பாதி. நமக்கு மிகவும் பிடித்த பக்திமான்களை விசாரிப்பது மறு பாதி. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் பிளானரி ஓகானர் என்று ஒரு கத்தோலிக்கப் பெண் இருந்தார். தகப்பனாரைக் கொன்ற அதே லூபஸ் நோய் அவரையும் பிடித்தது. அம்மாவின் பண்ணையில் மயில் வளர்த்துக்கொண்டு, ஊன்றுகோல்களோடு நடமாடி, கதைகள் எழுதி, 39 வயதில் 1964-ல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் எழுதிய கதை ஒன்றில் திருமதி டர்ப்பின் என்று ஒரு சபைக்கார அம்மா வருகிறாள். நல்லவள், உதவி செய்கிறவள். தூக்கம் வராத ராத்திரிகளில் ஊர் ஜனங்களையெல்லாம் மேல் கீழ் என்று தரம் பிரித்து அடுக்கிப் பார்ப்பது அவள் பழக்கம். டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது, தன்னை இப்படிப் படைத்ததற்காக இயேசுவுக்கு வாய்விட்டு நன்றி சொல்லுகிறாள். அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த ஒரு பெண் கையிலிருந்த புத்தகத்தை அவள் முகத்தில் வீசி அடிக்கிறாள். கதையின் முடிவில், பரலோகத்துக்குப் போகிற ஊர்வலம் ஒன்று டர்ப்பின் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் கீழே அடுக்கியவர்கள் முன்னால் போகிறார்கள். அவளைப் போன்ற மரியாதைப்பட்டவர்கள் கடைசியில் வருகிறார்கள்.

இந்தக் கதையைப் படித்தபோது ஜார்ஜியா எனக்குத் தூரமாகத் தெரியவில்லை. சபைக்குள் சாதி கூடாதென்று பிஷப் டேனியல் வில்சன் 1833-லேயே சுற்றறிக்கை விட்டார். ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று அதன் பிறகும் நாம் அடுக்கிக்கொண்டுதான் இருந்தோம். என்னிடம் வந்த போட்டிக் கதைகளில் இதைப் பற்றி ஒன்றுகூட வந்ததில்லை. பாட்டில்தான் உடைகிறது, மறுபடியும் மறுபடியும்.

முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டவர் சொன்ன கெட்ட குமாரன் கதை, போனவன் திரும்பி வந்ததோடு முடிந்துவிடவில்லை. மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். அப்பா வெளியே வந்து அவனை வருந்திக் கூப்பிடுகிறார். அவன் உள்ளே போனானா? லூக்கா எழுதவில்லை. மூத்தவன் சொல்லும் நியாயத்தையும் அப்பா பொறுமையாகக் கேட்கிறார்; எத்தனை வருடம் உழைத்தேன், எனக்கு என்ன கொடுத்தீர் என்கிற அந்தக் குறையை முழுதாகவே சொல்லவிட்டிருக்கிறார். போட்டிக்கு வந்திருந்தால் முடிவு சரியில்லை என்று மலர்க் குழுவினர் இதைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நம் ஊர்ப் பக்கமே இதற்கெல்லாம் முன்மாதிரி இருக்கிறது. ஓகானர் பிறந்த அதே 1925-ல் பிறந்தவர் ஹெப்சிபா ஜேசுதாசன். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தார். ஓகானர் இறந்த 1964-ல் இவருடைய ‘புத்தம் வீடு’ வந்தது. நொடித்துப் போனாலும் வீம்பு குறையாத ஒரு கிறிஸ்தவக் குடும்பம். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்று வீட்டோடு கிடக்கிற லிஸி. அவள் மனதில் இடம் பிடித்த பனையேறி மகன் தங்கராஜ். இரண்டு வீடும் ஒரே வேதம்தான், அந்தஸ்துதான் குறுக்கே நிற்கிறது. நாவலில் குடி உண்டு, கொலை உண்டு, பொய்ப்பழி உண்டு. வைது தள்ளுவதற்கு ஆசிரியருக்கு எவ்வளவோ வாய்ப்பு இருந்தது. ஆனால் அந்தக் கிழட்டுப் பாட்டனாரைக் கண்ணப்பச்சி என்று அவர் கூப்பிடுகிற தொனியிலேயே பாசம் இருக்கிறது. வீம்பையும் மறைக்கவில்லை, கிழவரையும் கைவிடவில்லை. பிரசங்கம் என்று தனியாக ஒன்றும் இல்லை. அதைப் படித்து முடித்தபோது, பல ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைக்காத ஒரு மன இளக்கம் எனக்குக் கிடைத்தது.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த கதைக்கு உட்காரும்போது, உங்களுக்கு எரிச்சல் மூட்டுகிற பாத்திரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் நியாயத்தை அவர் வாயாலேயே பேசவிடுங்கள். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். எழுதியதை அப்படிப்பட்ட ஒருவரிடமே படித்துக் காட்டுங்கள். நான் இப்படித்தான் பேசுவேன் என்று அவர் ஒத்துக்கொண்டால் அப்புறம் ஐயரவர்களைக் கதைக்குள் கூட்டிவரலாம். முதலில் ‘புத்தம் வீ’ட்டைப் படித்துவிடுங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் சொல்லி வரவழைக்கச் செய்யுங்கள்.