கிணத்து மண்ணும் ஸ்கேன் குழாயும்

மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுறதைப் பத்தி எழுதுறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இப்ப எழுதப்போறது ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாம இருந்த விஷயம். ஐம்பத்தஞ்சு வயசு தாண்டின ஆம்பளை, மூடின ரூமுக்குப் பயப்படுறான்னு எப்படி வெளிய சொல்றது?

போன மார்கழியில இடுப்பு வலி ஆரம்பிச்சுது. வழக்கம்போல தைலம், ஒத்தடம், ரெண்டு ஊசி. பொங்கலுக்குள்ள இடது கால் கட்டைவிரல் மரத்துப்போச்சு. ஒருநாள் வரப்புல நடந்து போறேன், செருப்பு கழண்டு பின்னாடி கிடக்கு, எனக்குத் தெரியல. வீட்டுக்காரம்மா எடுத்துட்டு வந்து, "என்னாங்க, கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னு கூடவா தெரியாது?"ன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்கே பயம் வந்துச்சு.

டாக்டர் பார்த்துட்டு, நரம்பு எங்க நசுங்குதுன்னு தெரியணும், எம்.ஆர்.ஐ எடுங்கன்னாரு. தள்ளிப்போட்டா பாதத்தைத் தூக்கவே முடியாமப் போயிடலாம்னு எச்சரிக்கையும் பண்ணினாரு. ஏர் பிடிக்கிற காலம் போயிடுச்சு, ஆனா சேத்துல கால் வைக்காம கழனி வேலை ஏது?

புதுச்சேரியில ஒரு ஸ்கேன் சென்டர். படுக்கச் சொல்லி, பலகையை உள்ளே தள்ளினாங்க. அந்தக் குழாயோட அகலம் பழைய மெஷின்ல 60 சென்டிமீட்டர், புதுசுல 70. ரெண்டு, ரெண்டேகால் அடிதான். நம்ம ஊர்ல கிணத்துக்கு இறக்குற சிமெண்ட் உறையே இதைவிடப் பெருசு. மூக்குக்கு நேரா வெள்ளைச் சுவர். கையில ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தாங்க, ஏதாவது ஒண்ணுன்னா அமுக்குங்கன்னு. ரெண்டு நிமிஷம் கூட ஆகல, அமுக்கிட்டேன். வெளிய வந்தப்ப சட்டை பூரா வேர்வை. அங்க இருந்த தம்பி நல்ல பையன், தமாஷாத்தான் கேட்டான்: "ஐயா, நெய்வேலிப் பக்கம்னு சொன்னீங்க, சுரங்கத்து ஊர்க்காரரே பயப்படலாமா?"

வெளியூர்க்காரங்க பல பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம். குகைக்குள்ள ஊர்ந்து போற வேலை இல்ல. மேல் மண்ணை ராட்சச மெஷின் வெட்டி எடுக்கும், அடியில நின்னாலும் தலைக்கு மேல வானம் இருக்கும். வானம் தெரிஞ்சா எனக்கும் பயமில்லை.

என் பயம் 1985ல ஆரம்பிச்சது. அப்ப எனக்குப் பதினேழு வயசு. கிணத்துல தண்ணி கீழ போச்சுன்னா மேல இருக்கிற மோட்டார் இழுக்காது. உறிஞ்சி எடுக்கிற பம்ப் ஏறக்குறைய 25 அடிக்கு மேல உறிஞ்ச முடியாது, அது இயற்கை. அதனால கிணத்தை ஒட்டி ஒரு குழி தோண்டி மோட்டாரையும் கீழ இறக்கி வைப்போம். ஐப்பசி மழை விட்ட மறுநாள், பைப்புல காத்து வாங்குதுன்னு போல்ட் இறுக்க நான் குழியில இறங்கினேன். எங்க மண் மணல் கலந்த செம்மண். ஈரத்துல ஊறி அப்படியே சரிஞ்சுது. நெஞ்சு வரைக்கும் மூடிடுச்சு. கை ரெண்டும் உள்ளே. மூச்சு இழுத்தா நெஞ்சு விரியல. மம்முட்டி போட்டா என் மேல பட்டுடும்னு அப்பாவும் பக்கத்துக் கொல்லைக்காரரும் வெறும் கையாலேயே தோண்டி எடுத்தாங்க. ஒரு மணி நேரம் ஆச்சுன்னாங்க. எனக்கு ஒரு ராத்திரி மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் உள்ரூம்ல படுத்ததில்லை. மழையோ பனியோ, திண்ணைதான். பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைக்கலைன்னா அடுத்த பஸ். வெளியூர் பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட மாட்டேன், வாசல்ல வீட்டுக்காரம்மா காவல். சென்னையில பெரியவ வீடு அஞ்சாவது மாடி, லிப்ட் இருக்கு, நான் படியிலதான். "உடம்புக்கு நல்லது"ன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஸ்கேன் பாதியில நின்ன கதையைக் கேட்டுப் பெரியவதான் விசாரிச்சா. மயக்கம் கொடுத்து எடுக்கலாம், அதுக்கு மயக்க டாக்டர் வேணும், செலவு தனி. இன்னொரு வழி, மனநல ஆலோசகர் ஒருத்தங்க ஹிப்னாடிசம் வச்சுப் பழக்குறாங்கன்னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு மேஜிக்காரர் வந்து, ஒரு பையனை மேடைக்குக் கூப்பிட்டு, வெங்காயத்தை ஆப்பிள்னு சொல்லித் தின்ன வச்சாரு. எனக்குத் தெரிஞ்ச ஹிப்னாடிசம் அவ்வளவுதான். "இத்தனை வயசுல என்னை வெங்காயம் தின்னச் சொல்றியா?"ன்னு கேட்டேன். "நீங்க போய்ப் பேசிட்டாவது வாங்கப்பா"ன்னா.

அந்த மேடம் முதல் நாள் ஹிப்னாடிசமே பண்ணல. ஒரு மணி நேரம் என் கதையைக் கேட்டாங்க. எதுக்கு எவ்வளவு பயம்னு சைபர்லேர்ந்து பத்து வரைக்கும் மார்க் போடச் சொன்னாங்க. ஜன்னல் இல்லாத பஸ் சீட்டு நாலு, லிப்ட் எட்டு, ஸ்கேன் பத்து. அப்புறம் சொன்னாங்க: "ஐயா, நீங்க தூங்க மாட்டீங்க. நான் சொல்றது கேட்கும். பிடிக்கலைன்னா கண்ணைத் திறந்துட்டு எழுந்திரிச்சுப் போகலாம். நான் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. கவனத்தை ஒரே இடத்துல நிறுத்துற பழக்கம், அவ்வளவுதான்."

இதை முதல்ல சொன்னவங்கள்ல ஒருத்தர் நம்ம நாட்டுல பிறந்தவர்னு பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கோவாவுல கண்டோலிம்ங்கிற ஊர்ல 1756ல பிறந்த பாதிரியார் ஃபாரியா. அந்தக் காலத்து ஐரோப்பாவுல, வைத்தியரோட உடம்புலேர்ந்து ஏதோ காந்த சக்தி பாயுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. இவர் 1813ல பாரிஸ்ல எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டி, சக்தி எங்கிட்ட ஒண்ணும் இல்ல, எல்லாம் உட்கார்ந்திருக்கிறவன் மனசுல நடக்குதுன்னாரு. பனாஜியில அவருக்குச் சிலை இருக்கு. அப்புறம் வங்காளத்துல ஹூக்ளியில எஸ்டெயில்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத 1845ல, இந்த மாதிரி முறையில ஆளைக் கிடத்தி, யானைக்கால் வியாதியில வர்ற பெரிய கட்டிகளை அறுத்து எடுத்திருக்காரு. அடுத்தடுத்து ஈதர், குளோரோஃபார்ம் வந்ததும் அந்த வழக்கம் மங்கிப்போச்சு. கத்திக்கே தாங்கியிருக்காங்கன்னா நமக்கு ஒரு குழாய் என்னான்னு தோணுச்சு. தோணுறது சுலபம்.

ரெண்டாவது தடவை ஆரம்பிச்சாங்க. சுவத்துல ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, மூச்சை மெதுவா விடச் சொல்லி, கண்ணு தானா சொருகினப்ப, "இப்ப ஒவ்வொரு படியா கீழே இறங்குறீங்க..."ன்னாங்க. மூணாவது படியில எனக்குத் தூக்கிப்போட்டுச்சு. கண்ணைத் திறந்துட்டேன். எல்லார்கிட்டயும் சொல்ற படிதான் போலிருக்கு. ஆனா எனக்குக் கீழே இறங்குறதுன்னா கிணத்துக் குழி. அந்தம்மா கோவிச்சுக்கல. "தப்பு என் மேலதான், உங்களுக்கு நிம்மதியான இடம் எது, நீங்களே சொல்லுங்க"ன்னாங்க. விடியக்காலையில தண்ணி பாய்ச்சுற நேரம், வரப்புல ஒக்காந்து மடை திரும்புறதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறதுன்னு சொன்னேன். அன்னியிலேர்ந்து அந்த வரப்புதான். தண்ணி ஒவ்வொரு பாத்தியா நிறையும், உடம்பு ஒவ்வொரு இடமா தளரும். மம்முட்டிப் பிடியைப் பிடிக்கிற மாதிரி வலது கையை மூடினா அந்த நிலை திரும்ப வரணும்னு பழக்கினாங்க. பிறகு, வரப்புல இருந்துக்கிட்டே ஸ்கேன் ரூம் வாசல், பலகை, தலை உள்ளே போறதுன்னு ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்க்க வச்சாங்க. பயம் ஏழைத் தாண்டுச்சுன்னா விரலைத் தூக்கணும், அங்கேயே நின்னு திரும்ப வரப்புக்கு.

மூச்சு முட்டுற கதையையும் விளக்கினாங்க. பயத்துல வேகவேகமா மூச்சு விட்டா உடம்புல கரியமில வாயு குறைஞ்சு போகும். அதனால தலை சுத்தும், விரல் நுனி மரமரக்கும், காத்தே இல்லாத மாதிரி இருக்கும். உண்மையில காத்து குறையல. ஸ்கேன் குழாய் ரெண்டு பக்கமும் திறந்துதான் இருக்கு, உள்ளே விளக்கும் ஃபேன் காத்தும் உண்டு. முதல் தடவை நான் அதைக் கவனிக்கவே இல்ல.

வீட்டுப்பாடமும் உண்டு. கட்டிலுக்கு அடியில தலையை விட்டுப் படுக்கணும். முதல்ல ஒரு நிமிஷம், அப்புறம் அஞ்சு, பத்து, இருபது. பெரியவ போன்ல ஸ்கேன் சத்தத்தை அனுப்பினா. பழைய டீசல் எஞ்சின் மக்கர் பண்ற மாதிரி டொக்டொக்குன்னு. கட்டிலுக்கு அடியில அதைக் கேட்டுக்கிட்டு நான் கிடக்க, பால் வாங்க வந்த பக்கத்து வீட்டம்மா, "எதுனா தொலைஞ்சு போச்சாண்ணே?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

நாலு தடவை போனேன். ஹிப்னாடிசம் மட்டும் போதாது, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா நேர்ல சந்திக்கிறதுதான் முக்கிய வைத்தியம், இது அதுக்குக் கைத்தாங்கல்னு மேடமே சொன்னாங்க. அதனால ஒரே உட்கார்வுல தீர்த்துடறேன், போன ஜென்மத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னு யாராவது போர்டு வச்சிருந்தா பணத்தைப் பத்திரமா வச்சுக்கங்க. காசு இல்லாதவங்க 14416க்குப் போன் பண்ணலாம், டெலிமானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண்.

ரெண்டாவது ஸ்கேனுக்கு அதே இடம், அதே தம்பி. உள்ளே போனேன். பயம் வராம இல்ல. பாதியில ஒரு சத்தம் நின்னு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல அமைதியாச்சு பாருங்க, அப்ப நெஞ்சுல ஈர மண்ணு வந்து ஒக்காந்துடுச்சு. வாசனை கூட வந்துச்சு. வலது கையை மூடினேன். மடையைத் திருப்பினேன். எத்தனை பாத்தி பாஞ்சுதுன்னு எண்ணிக்கிட்டே கிடந்தேன். இருபத்தேழாவது பாத்தியில பலகை வெளிய வந்துச்சு.

வட்டு பிதுங்கி நரம்பை அமுக்குது, ஆனா இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், பயிற்சியும் மாத்திரையும் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கட்டைவிரல்ல உணர்ச்சி பாதி திரும்பியிருக்கு.

போன மாசம் சென்னை போனப்ப பேத்தி கையைப் பிடிச்சு இழுத்தா, லிப்ட்ல வா தாத்தான்னு. ஏறினேன். ரெண்டாவது மாடியில யாரோ ஏறக் கதவு திறந்துச்சு, இறங்கிட்டேன். மிச்சம் மூணு மாடி படியில. மேல போனா வீட்டுக்காரம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு, "ரெண்டு மாடி வந்துட்டீங்களாமே"ன்னாங்க. ராத்திரி படுக்கை வழக்கம்போல பால்கனியிலதான்.