அறைக்கு நான்கு பேர்

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இருக்கன்குடி, சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கணக்குத் தெரியாத வீடு அபூர்வம். விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால், அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்களை வைத்து வேலை வாங்கினார்கள் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். போர்மேன் வேலை பார்க்கும் கிறிஸ்தவன் என்ற முறையில் என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் ஒரு விசுவாசி உண்மையாக நடக்கிறானா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர வேண்டாம். வேலை நாளில் முற்பகலில் அந்த அறை வாசலில் நின்று தலையை எண்ணினால் தெரிந்துவிடும்.

நான்கு என்ற எண்ணை யாரும் இஷ்டத்துக்குப் போடவில்லை. ஓர் அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் உட்காரலாம், அடுத்த அறை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. தீ என்றாவது பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு, பிடித்தால் அந்த அறையோடு நிற்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் இடிக்காமல் வெளியே பாய வேண்டும் என்று போட்ட கணக்கு அது. ஐந்தாவது ஆள் வந்து உட்காரும்போது மற்ற நான்கு பேரின் வழியிலும் உட்காருகிறார். அவருக்கென்று கூடுதல் மருந்தும் உள்ளே வருகிறது. தரையில் ரப்பர் விரிப்புப் போட்டிருக்கலாம், வாசலில் தொட்டு நுழையச் செம்புத் தகடு இருக்கலாம், இரும்புச் சாமான் ஒன்றுகூட உள்ளே இல்லாமல் இருக்கலாம். தலைக்கணக்குத் தப்பிவிட்டால் இவையெல்லாம் பாதிப் பாதுகாப்புத்தான்.

போர்மேனின் திறமை என்றால் வெளியாட்கள் கலவை விகிதத்தைத்தான் நினைப்பார்கள். விகிதத்தைக் கற்றுக்கொள்ளலாம். கடினமானது, காலையில் எவ்வளவு கலப்பது என்ற முடிவு. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறக்கூடும். வெயில் ஏறிய பிறகு கலக்குவதும் உலர்த்துவதும் ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது. எனவே காலையிலேயே கலக்க வேண்டும், கலந்ததை அன்றைக்கே செலுத்தித் தீர்க்க வேண்டும், மிஞ்சியதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. நான்கு பேரின் எட்டுக் கைகள் ஒரு பகலில் எவ்வளவு மருந்தைக் குழாய்களில் செலுத்தும் என்பதைப் போர்மேன் அறிந்திருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கிலோ கலந்தாலும் சாயங்காலம் அது கேள்வியாக வந்து நிற்கும். நேர்மையான போர்மேனை அடையாளம் காண நான் பார்க்கும் இடம், வேலை முடியும் நேரத்தில் மீதி மருந்துத் தட்டு. அது வெறுமையாக இருந்தால் அவர் காலையிலேயே யாரோ ஒருவரிடம் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த ‘முடியாது’ சொல்லப்படாதபோது பொய் ஒன்றாக நிற்பதில்லை. கூடுதல் ஆளுக்குக் கூடுதல் கலவை வேண்டும். அறையில் இடம் போதாததால் வேலை மரத்தடிக்குப் போகும். ஆய்வுக்கு ஜீப் வருகிறது என்ற தகவல் கிடைத்தால் மரத்தடியில் இருந்தவர்கள் வேலிப்பக்கம் போக வேண்டியிருக்கும். அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க முடியாது. இருந்தால் கணக்கு உதைக்கும். ஆகவே ஒரு பெண் காலையிலிருந்து அங்கே குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறாள், தாளிலோ அவள் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை. வெடித்துவிட்டால் அந்தத் தாள்தான் பேசும். உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. அவள் பிள்ளைகள் இழப்பீடு கேட்டுப் போய் நிற்கும்போது, அம்மா அன்று வேலைக்கு வந்ததற்கே ஆதாரம் தேட வேண்டியிருக்கும். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்ற ஒன்பதாம் கட்டளையை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த கைதான் அந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறது. அந்தக் கட்டளைக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வேதத்தில் எங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான சட்டம் உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் எட்டாம் வசனமாக இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், கட்டாமல் ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுந்தவன் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சுவர் கட்டாதவனைப் பிடிக்கிறது. நான் கேட்ட பிரசங்கங்களில் இந்த வசனம் வந்ததில்லை. விபத்தில் தப்பியவர்களின் சாட்சியோ நிறைய வருகிறது. தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன், அந்த நேரம் பார்த்து வெடித்தது, கர்த்தர் காப்பாற்றினார் என்கிறார்கள். சொல்கிறவரின் நன்றியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்கும் பெஞ்சில், வெளியே வராமல் போனவரின் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கக்கூடும். அவருக்கு அந்தக் கதை என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்த்த பிறகே மேடையில் மைக்கைக் கொடுக்க வேண்டும்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அந்த விபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விட்டு வேலை நடந்தது என்ற விஷயம் அப்போது ஊரறியப் பேசப்பட்டது. இத்தகைய சாவுகளுக்குப் பிறகு அடக்க ஆராதனையில் ‘தேவ சித்தம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தி வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்துவிட்டு, உயிரோடு நின்றவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொன்னார். எங்கள் ஊர் அடக்க ஆராதனைகளுக்கு அந்தப் பகுதி பொருந்தும். உள்குத்தகை விட்டவரும் எடுத்தவரும் கையெழுத்துப் போட்டவரும் உயிரோடு உட்கார்ந்து கேட்கிற இடம் அது.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு அறைக்குள்ளிருந்தே வரும். “அண்ணாச்சி, எங்க மதினியையும் இதுலயே போட்டுக்கிடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சா சீக்கிரம் முடிஞ்சிரும்” என்று கேட்பவர் முதலாளி அல்ல, கூலிக்காரர். கூலி எண்ணிக்கைக்குத் தக்கபடி. எவ்வளவு செய்கிறோமோ அவ்வளவு காசு. மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்தால் வேறு கூலி கிடையாது. வீட்டில் மகளிர் குழுத் தவணை இருக்கும், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கும். அவர்களே கேட்கும்போது மறுப்பது இரக்கமில்லாத செயல் என்று தோன்றும். நான் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆபத்தை ஏற்றுக்கொள்ள அந்தப் பெண் தன் உயிரை மட்டும் வைத்துச் சம்மதிக்க முடியாது. ஏற்கனவே உள்ளே இருக்கும் நான்கு பேரின் உயிரும் அந்தச் சம்மதத்தில் அடங்கியிருக்கிறது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. போர்மேன் காட்ட வேண்டிய இரக்கம் வேறு பக்கம் இருக்கிறது. எண்ணிக்கைக் கூலியை உயர்த்தக் கேட்பதும், மதினிக்கு ஒட்டும் அறையிலோ பேக்கிங்கிலோ வேலை பார்த்துக் கொடுப்பதும் அவர் செய்யக் கூடியவை. கூலி உயர்வு பற்றி முதலாளியிடம் வாய் திறக்காத போர்மேன் தலைக்கணக்கில் மட்டும் கறாராக இருந்தால், அவர் ஏழையின் செலவில் நேர்மையாக இருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு சட்டத்தைப் பற்றியது, இன்னும் கூர்மையானது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது, சரவெடியையும் தடை செய்தது. பேரியம் நைட்ரேட் இல்லாமல் கம்பி மத்தாப்பு முதல் பேன்சி ரகம் வரை எத்தனையோ சரக்கு தடுமாறும் என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். சரவெடி பின்னி வயிறு வளர்த்த வீடுகள் ஒரே நாளில் சட்டவிரோதமாகிவிட்டன. நேர்மையாக இருக்க முடியாதபடி சட்டமே ஆக்கிவிட்ட பிறகு நேர்மை பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தத் தடை தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சரியாக எடைபோடவில்லை என்பதே என் கருத்தும். ஆனால் ஒரு சட்டம் தவறு என்று சொல்ல நீதிமன்றம் இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன, தெருவில் இறங்கிப் போராடவும் செய்தார்கள். அது ஒளிவுமறைவில்லாத வழி. பெட்டிக்குள் பேரியத்தை வைத்து மேலே பசுமைப் பட்டாசு என்று அச்சடிப்பது வேறு. அங்கே ஏமாறுகிறவர் நீதிபதி அல்ல, காசு கொடுத்து வாங்கிப் போகிற குடும்பம். 2021 அக்டோபர் 29ஆம் தேதி உத்தரவில் நீதிமன்றம் மறுபடியும் கடுமையாகப் பேச நேர்ந்ததற்கு இதுவும் காரணம். அதோடு, பேரியத்தில் உள்ள நியாயத்தைத் தலைக்கணக்குக்கு இரவல் வாங்க முடியாது. அறைக்கு நான்கு பேர் என்ற விதியைத் தவறென்று சொல்லும் தொழிலாளியும் இல்லை, முதலாளியும் இல்லை. அதை மீறுகிறவர்கள் அது சரி என்று தெரிந்தே மீறுகிறார்கள்.

இதெல்லாம் யாருக்கும் பொதுவான நேர்மைதானே, இதில் கிறிஸ்தவம் எங்கே என்றும் கேட்கலாம். பொதுவானதுதான். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிப் போடவும் அக்கினிச் சட்டி எடுக்கவும் நடந்து வரும் ஜனங்களைப் பாருங்கள். ஆத்தாவிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் கடன் வாங்கியாவது செலுத்திவிடுவார்கள். பக்கத்து அறையில் என்னோடு வேலை செய்கிற அந்த மனிதர்களைவிட நான் நேர்மையானவன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கிறிஸ்தவனுக்கு வித்தியாசம் ஒன்றுதான் உண்டு. அவன் வாரந்தோறும் பாவ அறிக்கை சொல்கிறான், மன்னிப்பும் கேட்கிறான். கேட்ட பிறகு பதிவேட்டைத் திருத்தாமல் விட முடியாது. வேதத்தில் வரும் சகேயு மன்னிப்போடு நிற்கவில்லை, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு கடைசியாக இருக்கிறது. நேர்மையான போர்மேன் மறுத்தால் வேலை போகும், அந்த இடத்துக்கு எதற்கும் தலையாட்டுகிற இன்னொருவர் வருவார், அறையில் நான்குக்குப் பதில் எட்டுப் பேர் உட்காருவார்கள். அவருடைய நேர்மையால் யார் பிழைத்தார்? இருந்துகொண்டே ஐந்தோடு நிறுத்தினால் மூன்று உயிருக்காவது ஆபத்துக் குறையுமே? இந்தக் கேள்விக்கு விரைவாகப் பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. தனி மனிதனாக நிற்கும்வரை இதற்கு நல்ல பதில் கிடையாது. ஐந்தோடு நிறுத்துகிறவர் சில உயிர்களைக் காக்கவும் செய்கிறார், பொய்யில் கையெழுத்தும் போடுகிறார். இரண்டும் உண்மை. ஆனால் அவர் ஏன் தனியாக நிற்கிறார் என்ற கேள்வியைச் சபையைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

கேம்பிரிட்ஜில் கணிதத்தில் உயர்ந்த இடம் பெற்ற மிஷனரி தாமஸ் ராக்லண்ட், பங்களா வாழ்க்கையை விட்டு 1854 முதல் இந்த வட திருநெல்வேலிக் கரிசல் கிராமங்களில் கூடாரம் போட்டுச் சுற்றினார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்து இங்கேயே அடக்கமானார். அவருடைய பெயரை மிஷனரி ஞாயிறுகளில் மரியாதையோடு சொல்கிறோம். ஊழியத்துக்காக ஒருவர் சம்பாத்தியத்தை விட்டால் அவர் குடும்பத்துக்குச் சபை அரிசி அனுப்பும். உள்குத்தகை அறையில் கையெழுத்துப் போட மறுத்து ஒரு போர்மேன் சம்பாத்தியத்தை இழந்தால் அதைச் சபை அவருடைய சொந்தப் பிரச்சினையாகப் பார்க்கிறது. இரண்டும் ஒரே காரியம் என்பது என் வாதம். சேகரக் கமிட்டியின் உதவி நிதியில் இப்படிப்பட்ட ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதச் செலவை ஒதுக்கி வைத்துவிட்டு அதை வெளிப்படையாக அறிவித்தால், அந்த வட்டாரத்துப் போர்மேன்களில் பாதிப் பேருக்குக் காலையில் ‘முடியாது’ என்ற சொல் வாயில் வரும். நாலைந்து பேர் சேர்ந்து சொல்லும்போது முதலாளிக்கும் தலையாட்டுகிற ஆள் கிடைப்பது சிரமமாகும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது அரைகுறை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயைப் பெருந்தொகைக்கு எடுக்கிறவர்களிலும், ஆலயத்துக்கு டைல்ஸ் போட்டுக் கல்லில் பெயர் பொறிக்கிறவர்களிலும் உள்குத்தகை விட்டவர் இருக்கக் கூடும். அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா காணிக்கை கொண்டுவந்தான், அது சிறிய தொகை என்று யாரும் குறை சொல்லவில்லை. அதைப் பற்றிச் சொன்ன கணக்கில் பொய் இருந்ததால் பேதுரு அவனைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்டார். நம் கமிட்டிகள் அந்தக் கேள்வியைக் கேட்டால் சில வருடங்கள் ஏலத்தில் வசூல் குறையும், டைல்ஸ் வேலை பாதியில் நிற்கும். கேட்பவர்கள் அடுத்த சேகரத் தேர்தலில் தோற்கவும் செய்யலாம். வேலையை இழக்கும்படி ஒரு போர்மேனிடம் சொல்லத் துணிகிற சபை, அந்தத் தேர்தலில் தோற்கவும் முன்வர வேண்டும்.